டைட்டானியம் இம்ப்ளான்ட்: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

கீழ்த்தாடையில் முதல் கடைவாய்ப்பல் இருந்த இடத்தில் டைட்டானியம் இம்ப்ளான்ட் ஒன்றைப் பொருத்திக்கொண்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மேலே அமர்ந்திருக்கும் செயற்கைப் பல்லின் நிறத்தையோ, மருத்துவரின் கைத்திறனையோ நான் இங்கே மதிப்பிடப் போவதில்லை. எலும்புக்குள் புதைந்திருக்கும் அந்தத் திருகின் பொருளை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். அதனுடன் தரப்பட்ட கையேட்டில், உடல் இதை அந்நியப் பொருளாகவே கருதாது என்று அச்சிட்டிருந்தார்கள். அது பிழையான கூற்று. உடல் அந்நியமாகக் கருதாத இம்ப்ளான்ட் எதுவும் இல்லை. எல்லாமே அழற்சியை, அதாவது வீக்கமும் வலியுமாக வெளிப்படும் உடலின் எதிர்வினையை, தூண்டுகின்றன; தூண்டிய அழற்சி உரிய காலத்தில் தணிந்து எலும்பு வளர இடம் கொடுக்கிறதா என்பதில்தான் ஒரு பொருளுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு இருக்கிறது.

திருகு உள்ளே சென்ற சில நொடிகளிலேயே இரத்தத்தின் புரதங்கள் அதன்மேல் படிந்துவிடுகின்றன. அதன்பின் வரும் செல்கள் உலோகத்தை அல்ல, இந்தப் புரதப் படலத்தைத்தான் முதலில் தொடுகின்றன. முதல் நாளில் நியூட்ரோஃபில்கள் எனும் வெள்ளை அணுக்கள் குவிகின்றன. அடுத்தடுத்த நாள்களில் மேக்ரோஃபேஜ்கள் எனும் விழுங்கும் செல்கள் பொறுப்பேற்கின்றன. தொடக்கத்தில் அவை சிதைந்த திசுவை அகற்றி, அழற்சியை வளர்க்கும் வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. சில நாள்களில் அவற்றில் பல தம் போக்கை மாற்றிக்கொண்டு, புதிய இரத்தக் குழாய்களும் எலும்பாக்கும் செல்களும் வருவதற்கான குறிப்புகளை அனுப்புகின்றன. இந்த மாற்றம் நிகழாவிட்டால், எலும்புக்குப் பதிலாக நார்த்திசு உறை ஒன்று திருகைச் சூழ்ந்துகொள்ளும்; அப்படிச் சூழ்ந்த திருகு ஆடும். ஆகவே அந்த முதல் வார வீக்கத்தை நான் குறையாக எழுதவில்லை. அழற்சியை அடக்கும் வலிநிவாரணிகளைத் தொடர்ந்து கொடுத்தால் எலும்பு கூடுவது தாமதமாகக்கூடும் என்று விலங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனக்கும் அத்தகைய மாத்திரையைச் சில நாள்களுக்கு மேல் எழுதித் தரவில்லை.

டைட்டானியத்தின் பலம் அதன் தோலில் இருக்கிறது. காற்றோ நீரோ பட்ட உடனே அதன்மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் உருவாகிவிடுகிறது. கீறினாலும் மீண்டும் உருவாகிறது. எலும்பு ஒட்டுவதும் இந்தப் படலத்தின் மேல்தான். ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனெமார்க் 1950களில் முயல்களின் எலும்பில் இரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டானியம் கூடுகளைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்ற முயன்றபோது அவை எலும்போடு ஒன்றிப்போயிருந்தன. வேறொன்றைத் தேடியவருக்குக் கிடைத்தது இது. அவர் 1965இல் முதல் மனித நோயாளிக்குப் பொருத்திய இம்ப்ளான்டுகள், அந்நோயாளி 2006இல் இறக்கும்வரை பயன்பட்டன.

அக்காலத் திருகுகளின் மேற்பரப்பு இயந்திரத்தில் கடைந்த வழவழப்போடு இருந்தது. இப்போது மணல் வீசியும் அமிலத்தில் அரித்தும், 1 முதல் 2 மைக்ரோமீட்டர் அளவுக்குச் சொரசொரப்பாக்குகிறார்கள். எனக்கு வைத்தது அந்த வகை. உப்புநீர் நிரம்பிய சிறு குப்பியில் வந்தது. காற்றில் கிடக்கும் டைட்டானியத்தின் மேல் கரிமச் சேர்மங்கள் படிந்து, அது நீரை விலக்கத் தொடங்கிவிடும். உப்புநீரில் வைத்தால் ஈரத்தை ஈர்க்கும் தன்மை நீடிக்கிறது. சொரசொரப்பும் ஈர ஈர்ப்பும் சேர்ந்த பரப்பில் மேக்ரோஃபேஜ்கள் விரைவாகச் சீரமைக்கும் போக்குக்கு மாறுகின்றன என்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. உலோகம் ஒன்றாகவே இருக்க, தோலை மாற்றியதால் மட்டும் அழற்சியின் கதை மாறுவது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

திருகின் நிலைத்தன்மையை அதிர்வு அளவியால் மூன்று முறை பார்த்தார்கள்; 100 வரை செல்லும் அந்த அளவில் எண் கூடினால் பிடிமானம் கூடுதல். பொருத்திய அன்று 72. நான்காம் வாரத்தில் 66. பத்தாம் வாரத்தில் 76. நடுவில் எண் குறைந்ததைக் கண்டு நான் கலங்கினேன். ஆனால் அது எதிர்பார்க்கத்தக்கதே: திருகை இறுக்கிப் பிடித்திருந்த பழைய எலும்பு கரைக்கப்பட்டு, புதிய எலும்பு இன்னும் முதிராத இடைவெளி அது. இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத கையேட்டுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறேன், உலோகத்துக்கு அல்ல.

மாற்றாகச் சொல்லப்பட்டது சிர்கோனியா எனும் பீங்கான் வகைப் பொருள். வெண்மையானது, பாக்டீரியா படலம் அதில் குறைவாக ஒட்டுவதாகப் பல சோதனைகள் கூறுகின்றன, ஈறும் அதனோடு நன்றாகவே பொருந்துகிறது. முன்பல்லாக இருந்திருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் அதன் விறைப்பு ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல். டைட்டானியத்துக்குச் சுமார் 110. எலும்பின் கெட்டியான புறப்பகுதிக்கு 10 முதல் 30 வரைதான். எலும்பைவிட மிக விறைப்பான பொருள் சுமையைத் தானே தாங்கிக்கொள்ளும்போது, வேலையில்லாத எலும்பு மெலிந்துவிடுகிறது. தொடை எலும்புக்குள் செல்லும் இடுப்பு மூட்டுத் தண்டுகளில் இது நன்கு அறியப்பட்ட தொல்லை, பல்லில் அவ்வளவு கடுமையில்லை. பீக் எனும் பாலிமர் 3 முதல் 4 கிகாபாஸ்கல் என்ற அளவில் மென்மையானது, எக்ஸ்-ரேயில் நிழல் விழுவதுமில்லை. ஆயினும் மேற்பூச்சு இல்லாத வெறும் பீக்கோடு எலும்பு ஒட்டத் தயங்குகிறது. முதுகெலும்பில் அதைப் பயன்படுத்துவோர் இதற்காகவே டைட்டானியப் பூச்சு தேடிப் போகிறார்கள். எலும்புக்கு நெருக்கமான விறைப்பு மட்டும் போதாது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டாம்.

திண்மமாக இருக்கும்வரை நல்லதாக நடந்துகொள்ளும் பொருள், துகளாகும்போது வேறு முகம் காட்டும். இங்கிலாந்தின் எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி செயற்கை இடுப்பு மூட்டின் கிண்ணத்துக்கு முதலில் டெஃப்லானைப் பயன்படுத்தினார். வேதியியலில் அது மிகவும் மந்தமான பொருள். ஆனால் விரைவாகத் தேய்ந்து, உதிர்ந்த துகள்கள் கடும் அழற்சியைக் கிளப்பின. சார்ன்லி டெஃப்லானையும் பாலிஎத்திலீனையும் தம் தொடையிலேயே வைத்துச் சோதித்துப் பார்த்தார். 1962இல் அவர் ஏற்ற பாலிஎத்திலீன் பல ஆண்டுகள் உழைத்தது என்றாலும், அதிலிருந்து உதிரும் மைக்ரோமீட்டர் அளவிலும் அதனினும் சிறிதான துகள்களை மேக்ரோஃபேஜ்கள் விழுங்குகின்றன, செரிக்க முடியாமல் தொடர்ந்து அழற்சிக் குறிப்புகளை அனுப்புகின்றன, அக்குறிப்புகள் எலும்பைக் கரைக்கும் செல்களை எழுப்பிவிடுகின்றன. மூலக்கூறுச் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்பு கூட்டப்பட்ட பாலிஎத்திலீன் 1990களின் இறுதியில் வந்தபின் தேய்மானம் வெகுவாகக் குறைந்தது. பல் இம்ப்ளான்டில் உராயும் மூட்டு இல்லை. எனினும் இணைப்புப் பகுதியின் நுண் அசைவிலும், கருவி கொண்டு சுரண்டும்போதும் டைட்டானியத் துகள் உதிரலாம். ஆகையால் துப்புரவுக்கு எஃகுக் கருவி வேண்டாம் என்று நான் முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

கரைந்துபோகும் மெக்னீசியம் திருகுகள் எலும்பு முறிவுக்கு வந்துவிட்டன. கரையும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் வேகத்தைக் கட்டுப்படுத்துவதே அவற்றின் சவால். பாலிலாக்டிக் அமிலத் திருகுகள் கரைகையில் சுற்றுப்புறம் அமிலமாகி, மாதங்கள் கழித்தும் அழற்சி தோன்றக்கூடும். வாழ்நாள் முழுவதும் மெல்ல வேண்டிய பல்லுக்கு இரண்டும் பொருந்தா.

இனிக் குறைகள். எலும்பை வரவேற்கும் அதே சொரசொரப்பு, ஈறு இறங்கி வெளியே தெரிந்துவிட்டால் பாக்டீரியாவையும் வரவேற்கிறது. பாக்டீரியா படலம் படிந்தபின் அந்தப் பரப்பைத் துப்புரவாக்குவது வழவழப்பான பரப்பைவிடக் கடினம், அழற்சி எலும்புவரை பரவினால் பிடிமானமே போய்விடும். அமிலத்தன்மை கொண்ட ஃப்ளோரைடு கரைசல்கள் ஆக்சைடு படலத்தை அரிக்கும் என்பதால் வாய் கொப்பளிக்கும் திரவத்தின் லேபிளைப் படித்தே வாங்குகிறேன். முதல் ஆண்டுக்குப் பிறகு ஆண்டொன்றுக்கு 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவான எலும்பு இழப்பு இருக்க வேண்டும் என்பது 1986 முதல் புழங்கும் அளவுகோல். கடந்த மாதம் எடுத்த எக்ஸ்-ரேயில் எலும்பின் விளிம்பு, சென்ற ஆண்டுப் படத்தில் இருந்த அதே திருகுப் புரிக்கு நேராக நிற்கிறது. ஐந்துக்கு நான்கரை தருகிறேன். மீதி அரை, ஈறு ஓரத்தில் வரும் அந்தச் சொரசொரப்பான முதல் இரண்டு புரிகளுக்காகப் பிடித்துக்கொள்ளப்பட்டது.