லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம்: டைனோசரைத் தாண்டி நண்டுகளிடம் போங்கள்

கெண்ட் ரிட்ஜில், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் 2015இல் திறக்கப்பட்ட அரும்பொருளகம் இது. உள்ளே நுழைந்ததும் வயோமிங்கில் தோண்டியெடுத்த பிரின்ஸ், அப்போலோனியா, டுவிங்கி என்ற மூன்று டைனோசர் எலும்புக்கூடுகள் கூட்டத்தை இழுத்துக்கொள்ளும். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் உலகில் எத்தனை விலங்கினங்கள் உண்டு, புதிதாக ஒன்றை எப்படிக் கண்டறிகிறார்கள் என்று தெரிந்துகொள்ள, பூச்சி, சிலந்தி, நண்டு போன்ற கணுக்காலிகள் பகுதியில் அதிக நேரம் நில்லுங்கள்.

இதுவரை பெயர் பெற்ற விலங்குச் சிற்றினங்கள் ஏறத்தாழ 15 லட்சம். அவற்றில் சுமார் 10 லட்சம் பூச்சிகள். இன்னும் எத்தனை மீதி என்பதில்தான் சண்டை. 1982இல் பூச்சியியலாளர் டெரி எர்வின், பனாமாவில் ஒரே வகையைச் சேர்ந்த 19 மரங்களில் பூச்சிக்கொல்லிப் புகையடித்து, விழுந்த வண்டுகளை வைத்து வெப்பமண்டலக் கணுக்காலிகளே 3 கோடி இனங்கள் இருக்கலாம் என்று கணக்கிட்டார். 2011இல் வந்த ஓர் ஆய்வு எல்லா விலங்குகளையும் சேர்த்தே சுமார் 77 லட்சம் என்றது. ஒரு மர வகைக்கே உரிய வண்டு இனங்கள் எத்தனை என்ற ஊகத்தைச் சற்று மாற்றினாலே எர்வினின் விடை கோடிக்கணக்கில் சரிந்துவிடும்.

நண்டுகளுக்கு முன் நிற்கும்போது ஜொஹோரா சிங்கப்பூரென்சிஸை நினைத்துக்கொள்ளுங்கள். உலகில் வேறெங்கும் இல்லாத இந்தச் சிறிய நன்னீர் நண்டு, புக்கிட் தீமா பக்கத்து ஓடைகளில் வாழ்வது. நகரத்துக்கு இவ்வளவு அருகில் இருந்தும் 1986இல்தான் அறிவியல் பெயர் பெற்றது. நன்னீர் நண்டுகளை ஓட்டின் நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது. ஆண் நண்டின் வயிற்றடியில் உள்ள முதல் இணை இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்து, வரைந்து ஒப்பிட வேண்டும். பெண் நண்டு மட்டும் கிடைத்தால் வேலை பெரும்பாலும் நின்றுவிடும்.

மரபணு ஆய்வுக்குத் திசுவை 95 விழுக்காடு எத்தனாலில் போட வேண்டும். ஃபார்மலினில் போட்டால் உடல் கெடாது, மரபணுதான் சிதைந்துவிடும்; பழைய மாதிரிகள் பலவற்றில் இந்தச் சிக்கல் உண்டு. விவரச் சீட்டைப் பென்சிலால் எழுதி ஜாடிக்குள்ளேயே போடுவது நல்லது, சாதாரணப் பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். பிடித்த இடமும் தேதியும் போனால் மாதிரியின் மதிப்பும் போயிற்று. புதிய இனம் என்று உறுதியானால் ஒரே ஒரு மாதிரியை மூலமாதிரியாக, அதாவது அந்தப் பெயருக்கு அடையாளமாக, குறித்து, விளக்கத்தோடு வெளியிட்டு, அதை அரும்பொருளகத்தில் ஒப்படைப்பார்கள். ஒரே விலங்கின் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பெயர் விழுந்ததும் உண்டு. அப்போது முந்திய பெயரே நிற்கும், மொத்தக் கணக்கில் ஒன்று குறையும்.

இங்குள்ள தொகுப்பில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகள் இருக்கின்றன. காட்சியில் இருப்பவை 2,000 அளவுதான். மற்றவை ஆய்வாளர்களுக்கான சேமிப்பு அறைகளில். அந்த அறைகளின் வேலையைப் பொதுமக்களுக்கு இன்னும் விரிவாகக் காட்டலாம். நன்றாகச் செய்திருப்பது வரிசை: செடிகள், பூஞ்சைகளில் தொடங்கிப் பாலூட்டிகள் வரை உறவுமுறைப்படி அடுக்கியிருக்கிறார்கள். 2015இல் ஜூரோங் தீவுக்கு அருகே இறந்து மிதந்த 10.6 மீட்டர் எண்ணெய்த் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டையும் விடாதீர்கள். அதன் வயிற்றில் கணவாய் அலகுகளோடு பிளாஸ்டிக்கும் இருந்தது.

குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு மிகவும் ஏற்றது. திங்கட்கிழமை விடுமுறை, நேரத்தையும் கட்டணத்தையும் இணையத்தில் சரிபார்த்து, முன்பதிவு செய்துவிட்டுப் புறப்படுங்கள்.