மேளம் தனி, வாய்ஸ் தனி: ரீப்பரில் என் அனுபவம்

பங்குனி, சித்திரை நெருங்கினால் மதுரைப் பக்கம் சின்ன ஸ்டூடியோக்களுக்கு அம்மன் பாட்டு வேலை குவிந்துவிடும். பாட்டை வாங்கிப் போனவரே பிறகு வந்து, "அண்ணே, திருவிழா மேடையில பாடணும், வாய்ஸ் இல்லாம டிராக் மட்டும் குடுங்க" என்பார். வீடியோ எடிட் செய்யும் தம்பிக்கு மேளம் மட்டும் வேண்டும். பல வருடமாக இதையெல்லாம் ரீப்பர் (Reaper) என்ற ரெக்கார்டிங், மிக்ஸிங் சாஃப்ட்வேரில்தான் செய்கிறேன். இதிலேயே தங்கிவிட்டதற்குக் காரணம் ஃபோல்டர் டிராக்.

தவில், பம்பை, தமுக்கு எல்லாம் தனித்தனி டிராக்காக இருக்கும். மேலே 'மேளம்' என்று ஒரு டிராக் போட்டு இவற்றை அதற்குள் இழுத்துவிட்டால் குரூப் தயார், தனியாக பஸ் (பல டிராக்கின் சத்தம் சேரும் பொதுப் பாதை) உருவாக்கி ஒவ்வொன்றையும் அங்கே திருப்பிவிடும் வேலையே இல்லை. அந்த ஃபோல்டரில் ஒரு கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் எஃபெக்ட்) மாட்டினால் மொத்த மேளத்துக்கும் சேரும்.

எக்ஸ்போர்ட்டும் அப்படித்தான். ஃபோல்டர்களை மட்டும் செலக்ட் செய்து, ரெண்டர் விண்டோவில் சோர்ஸ் என்ற இடத்தில் ஸ்டெம்ஸ் (பாட்டின் பகுதிகள் தனித்தனி ஃபைலாக) வைத்தால் மேளம், நாதஸ்வரம், கோரஸ், வாய்ஸ் தனித்தனி ஃபைலாக வந்துவிடும். ஃபைல் பெயரில் டிராக் பெயர் தானாக ஏறும்படி வைக்கலாம். வீடியோவுக்கு என்றால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்.

சிக்கல் ரிவெர்ப் என்ற எதிரொலி எஃபெக்டில்தான். வாய்ஸும் நாதஸ்வரமும் வெளியே இருக்கிற ஒரே ரிவெர்ப் டிராக்குக்கு சென்ட் ஆகிறது என்று வையுங்கள். வாய்ஸ் ஸ்டெம் எதிரொலி இல்லாமல் வறட்டென்று வரும். மைனஸ் ஒன்னுக்காக, அதாவது மேடையில் பாட வாய்ஸ் இல்லாத டிராக்குக்காக, வாய்ஸை விட்டுவிட்டு ரிவெர்ப் ஸ்டெம்மைச் சேர்த்தால், பாடகர் இல்லாத இடத்தில் அவர் குரலின் எதிரொலி மட்டும் மிதக்கும், மேடையில் ஸ்பீக்கர் பெரிது, நன்றாகவே கேட்கும். அதனால் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் அதற்கென்று ஒரு ரிவெர்ப் வைத்துவிடுகிறேன். கம்ப்யூட்டருக்குச் சுமை கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

அப்புறம் மாஸ்டர், எல்லா டிராக்கும் கடைசியில் சேரும் இடம். ஸ்டெம்ஸ் என்று ரெண்டர் செய்தால் மாஸ்டரில் மாட்டிய லிமிட்டர் (சத்தம் ஒரு அளவைத் தாண்டாமல் அழுத்தும் எஃபெக்ட்) அதில் ஏறாது. மாஸ்டர் வழியாக எடுக்கவும் ஆப்ஷன் உண்டு, ஆனால் மேளம் தனியாகப் போகும்போது லிமிட்டர் அழுத்துவது வேறு, முழுப் பாட்டுக்கு அழுத்துவது வேறு. திரும்பக் கூட்டினால் பழைய மிக்ஸ் வராது. மாஸ்டரில் இருக்கிற எஃபெக்டை பைபாஸ் செய்து (அணைத்து) ஒரு முழு மிக்ஸும் எடுத்துவைத்து, புது ப்ராஜெக்டில் எல்லா ஸ்டெம்மையும் போட்டு, அந்த மிக்ஸை மட்டும் ஃபேஸ் திருப்பி (ஒலி அலையைத் தலைகீழாக்கி) ஓட்டிப் பாருங்கள். ஒன்றையொன்று அழித்துவிட்டு சத்தமே வரக்கூடாது. கோரஸ் எஃபெக்ட் (கோரஸ் பாடுகிறவர்கள் இல்லை) மாதிரி நேரத்துக்கு நேரம் ஆடுகிற எஃபெக்ட் இருந்தால் லேசாக மிச்சம் கேட்கும், அது சரிதான்.

குறை என்றால், ரீப்பரோடு வாத்தியச் சத்தத் தொகுப்பு எதுவும் சேர்ந்து வராது, எல்லாம் நாமே தேடிச் சேர்க்க வேண்டும். ரெண்டர் விண்டோவும் புதிதாக வருகிறவரை மிரட்டும். விலை 60 டாலர், சின்ன அளவில் தொழில் செய்பவர்களுக்கும் அதே விலைதான். 60 நாள் முழு வசதியோடு ஓட்டிப் பார்த்துவிட்டே வாங்கலாம்.