நாகர்கோவில் பட்டறையில் வெட்டி வாங்கிய 127 பல் சேஞ்ச் கியர்

தக்கலைக்கு அருகே நான் நடத்தும் லேத் பட்டறையில் இருப்பது பழைய ஆறடி லேத். மரை வெட்டும் டூலை நகர்த்தும் நீளத் திருகான அதன் லீட் ஸ்க்ரூவில் அங்குலத்துக்கு 4 மரை. அதாவது ஒரு சுற்றுக்கு 6.35 மி.மீ. நகரும். அங்குலக் கணக்கிலான விட்வொர்த் மரையும் பைப் மரையும் மட்டும் வந்துகொண்டிருந்த காலத்தில் அதனால் எந்தத் தொல்லையும் இருந்ததில்லை. குலசேகரம், அருமனை பக்கத்திலிருந்து வரும் ரப்பர் ஷீட் ரோலர்களின் அட்ஜஸ்ட் திருகுகள் எம் 20, எம் 24 (20, 24 மி.மீ. விட்டம்) என்று மில்லிமீட்டர் கணக்குக்கு மாறிய பிறகுதான், கையிலிருந்த சேஞ்ச் கியர்கள் (வெட்டும் மரையின் அளவை மாற்றக் கழற்றி மாட்டுபவை) போதாது என்பது தெளிவாயிற்று. நாகர்கோவிலில் கியர் வெட்டும் ஒரு சிறு பட்டறையில் 127 பல் கியர் ஒன்றைச் சொல்லிச் செய்து வாங்கி, ஐந்து மாதம் ஓட்டிப் பார்த்த பின் இதை எழுதுகிறேன்.

அங்கே போவதற்கு முன் வெளியூர் வியாபாரி ஒருவரிடம் ஒரு செட் கியர் வாங்கியிருந்தேன். கியர்களோடு ஓர் அட்டவணையும் வந்தது. 1.5 மி.மீ. மரைக்கு (அடுத்தடுத்த மரைகளின் இடைவெளி, அதாவது பிட்ச், 1.5 மி.மீ.) வேலைத்துண்டைச் சுழற்றும் தண்டிலிருந்து ஓட்டும் கியர் 30 பல், லீட் ஸ்க்ரூவில் ஓடும் கியர் 120 பல் என்று அதில் அச்சிட்டிருந்தது; நம்பி மாட்டி வெட்டினேன். நட்டு மூன்று சுற்று ஏறியதும் இறுகி நின்றுவிட்டது. மரை அளக்கும் பிட்ச் கேஜை வைத்துப் பார்த்தால், வெட்டியிருந்தது அங்குலத்துக்கு 16 மரை. அந்த அட்டவணை 6 மி.மீ. லீட் ஸ்க்ரூ உள்ள லேத்துக்கு உரியது, 6.35 மி.மீ. ஸ்க்ரூவில் அதே கியர்கள் 1.5875 மி.மீ. மரையைத்தான் தரும். பத்து மரைக்குள் ஏறத்தாழ 0.9 மி.மீ. தள்ளிப் போகிற பிழை அது. நான்கு திருகுகளும் அவற்றுக்கான இரும்பும் வீணாயின. வியாபாரி அதற்குப் பொறுப்பேற்கவில்லை.

நாகர்கோவில் பட்டறையில் அணுகுமுறையே வேறு. நான் தொலைபேசியில் அளவு சொல்லத் தொடங்கியதும் அங்குள்ள மேஸ்திரி, "போன்ல சொன்னா போதாது அண்ணாச்சி, ஓடுற கியர்ல ஒண்ணைக் கழத்திக் கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். 60 பல் கியரைக் கொண்டுபோனேன். வெளிவிட்டத்தை அளந்தார், 124 மி.மீ. இருந்தது. பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, அந்த 62-ஆல் 124-ஐ வகுத்தால் 2 வரும்; ஆகவே பல்லின் பருமனைக் குறிக்கும் மாட்யூல் 2. பழைய அங்குலக் கணக்கில் பல் பருமனைக் குறிக்கும் டி.பி. 14 கியராக இருந்திருந்தால் அதே 60 பல்லுக்கு வெளிவிட்டம் ஏறக்குறைய 112.5 மி.மீ.தான் இருக்கும் என்று அவரே விளக்கினார். பல்லின் சாய்வு 20 பாகையா, பழைய லேத்துகளில் காணும் பதினான்கரைப் பாகையா என்பதையும் ஒரு கட்டரைப் பல்லிடுக்கில் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டார். இந்த இரண்டையும் பார்க்காமல் வெட்டிய கியர் மாட்டிய நாளிலிருந்தே இரைந்துகொண்டிருக்கும்.

127 ஒரு பகா எண் என்பதால், வட்டத்தைச் சம பாகங்களாகப் பிரிக்கும் டிவைடிங் ஹெட்டின் சாதாரணத் துளைத் தட்டுகளைக் கொண்டு அதை வெட்ட முடியாது. 120 பிரிவுக்குரிய கணக்கில் 39 துளை வட்டத்தில் பல்லுக்கு 13 துளை நகர்த்தி, மீதி வித்தியாசத்தை ஹெட்டோடு இணைத்த 24, 56 பல் கியர்களே சரிசெய்யும்படி அமைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்று பார்த்தேன். கடைசிப் பல்லுக்குக் கட்டர் வந்தபோது, மிஞ்சிய இடம் மற்ற பல்லிடுக்குகளைப் போலவே இருந்தது. எனக்கு அதைவிட நல்ல சான்று வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கியரின் அருமை மாட்டும்போதுதான் புரியும். ஓர் அங்குலமான 25.4 மி.மீ.யின் ஐந்து மடங்கு 127 என்பதால் கணக்கு மிச்சமின்றி மில்லிமீட்டருக்கு மாறும்; 127-ஐ லீட் ஸ்க்ரூவில் நிரந்தரமாக விட்டுவிடலாம். 4 மரை லீட் ஸ்க்ரூவுக்கு, வேண்டிய பிட்சை 20-ஆல் பெருக்கினால் ஓட்டும் கியரின் பல் எண்ணிக்கை கிடைத்துவிடும்: 1.5 மி.மீ.க்கு 30, 2-க்கு 40, எம் 20-இன் 2.5-க்கு 50, எம் 24-இன் 3-க்கு 60. இடையில் எத்தனை பல் ஐடிலர் போட்டாலும் கணக்கு மாறாது; அது இடைவெளியை நிரப்பும், சுழலும் திசையை மாற்றும், அவ்வளவே. அச்சிட்ட அட்டவணையால் அடிபட்டவனுக்கு மனக்கணக்காகவே சரிபார்க்க முடிவது பெரிய ஆறுதல். 30 பல் கியர் இல்லாதவர்கள் 1.5 மி.மீ.க்கு 60, 40 ஆகியவற்றை ஓட்டும் கியர்களாகவும் 127, 80 ஆகியவற்றை ஓடும் கியர்களாகவும் வைத்துக் காம்பவுண்டாக (இரண்டு ஜோடியாக) அமைக்கலாம், விடை அதுவேதான்.

பற்களை ஒன்றோடொன்று அழுத்திப் பூட்டக் கூடாது. பல்லிடுக்கில் ஒரு துண்டுச் செய்தித்தாளை வைத்து கியர்களைத் தாங்கும் ஸ்விங் பிளேட்டை நெருக்கி, நட்டை முடுக்கி, பிறகு கையால் சுற்றித் தாளை வெளியே எடுப்பேன். தாள் கிழியாமல், பல்லின் தடம் மட்டும் மடிப்பாக விழுந்து வந்தால் இடைவெளி சரி. இந்த 127-ஐ முழுச் சுற்றும் அப்படிப் பார்த்தேன்; எந்த இடத்திலும் தாள் கிழியவில்லை. துளை மையத்திலேயே இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அதன் பிறகு கம்பியின் மேல் ஒரு மெல்லிய கீறலை மட்டும் ஓட்டி, பிட்ச் கேஜை வைத்துப் பார்த்துவிட்டே ஆழம் கொடுக்கத் தொடங்கினேன். 150 மி.மீ. நீள எம் 20 திருகில் கடையில் வாங்கிய நட்டு முனையிலிருந்து முனைவரை விரலாலேயே ஓடிற்று.

அங்குல லீட் ஸ்க்ரூவில் மில்லிமீட்டர் மரை வெட்டும்போது டூலை லீட் ஸ்க்ரூவோடு பூட்டும் ஹாஃப் நட்டைத் திறக்கவே கூடாது, அதை மீண்டும் பூட்டும் இடத்தைக் காட்டும் சேஸிங் டயலும் உதவாது. டூலைப் பின்னுக்கு இழுத்து மோட்டாரைத் திருப்பி ஓட்டித்தான் தொடக்கத்துக்கு வர வேண்டும். வேலைத்துண்டைப் பிடிக்கும் சக், மரையில் ஏறி நிற்கும் வகையாக இருந்தால் நிதானமாக நிறுத்தித் திருப்புங்கள். வேகமாகத் திருப்பினால் சக் கழன்று விழும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கியரின் வெளிவிட்டம் 258 மி.மீ.; என் லேத்தின் பக்க மூடிக்குள் அது அடங்காது என்பதை வாங்குகிறவனிடம் முன்பே சொல்லியிருக்கலாம். மூடியை வெட்டிப் பற்ற வைக்க அரை நாள் போயிற்று. உள்ளே பள்ளமோ துளையோ இல்லாத முழு வார்ப்பாகவே தந்ததால் எடை ஏழரைக் கிலோவுக்குக் குறையாது. தனியாளாகத் தூக்கி மாட்டுவது சிரமம். பத்து நாள் என்றார்கள், பத்தொன்பது நாள் ஆயிற்று. பல் ஓரங்களின் பிசிறையும் நானே அரம் வைத்துத் தேய்த்தேன். எனினும், ஆண்டில் இரண்டு பருவமழையும் கடற்காற்றும் சேர்ந்து வார்ப்பிரும்பை ஓரிரவில் சிவக்க வைக்கும் நம் ஊரில், கியரை எண்ணெயில் தோய்த்து மெழுகுத்தாளில் சுற்றித் தந்ததைப் பாராட்டுகிறேன்.

வார்ப்பு, கடைசல், பல் வெட்டு, சாவித்தடம் எல்லாம் சேர்த்து 5,200 ரூபாய் ஆயிற்று. செலவைக் குறைக்க விரும்பினால் 63 பல் கியர் வெட்டித் தருவதாகவும் மேஸ்திரி சொன்னார். 63, 50 இரண்டும் ஓட்ட, 80, 100 இரண்டும் ஓடினால் 2.5 மி.மீ. மரை கிடைக்கும், மீட்டருக்கு 0.125 மி.மீ. பிழைதான் வரும். போல்ட்டும் நட்டும் மட்டும் வெட்டுகிறவர்களுக்கு அது தாராளமாகப் போதும். எனக்கு நீளத் திருகுத் தண்டு வேலைகளும் வருவதால் 127-ஐத் தேர்ந்தேன். என்னிடமுள்ள 35 பல் கியரில் இரண்டு பல் உடைந்துகிடக்கிறது. எம் 12-இன் 1.75 மி.மீ. மரைக்கு அது வேண்டும் என்பதால், புதிதாக ஒன்று வெட்டித் தரும்படி அதே பட்டறையில் சென்ற வாரம் முன்பணம் கொடுத்திருக்கிறேன்.