மைக்கல்சன் தலையீட்டுமானிப் பெட்டி: கிளிநொச்சி வகுப்பறையில் ஒரு மதிப்பீடு

உயர்தரப் பௌதிகவியல் வகுப்புக்காக இணையத்தில் தருவித்த இந்தப் பெட்டியின் மூடியில் "நனோ தொழில்நுட்ப ஆய்வுகூடம்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். உள்ளே இருப்பவையோ ஒரு சிவப்பு லேசர், கதிர்ப் பிரிப்பான், இரண்டு ஆடிகள், ஒரு வில்லை, இவற்றைப் பொருத்துவதற்கான அலுமினியத் தட்டு ஆகியவைதான். மூடியில் உள்ளதை நம்பி வாங்குவோர் ஏமாறுவர். ஆயினும் அரை அலைநீளத்தைக் கண்ணால் எண்ணவைக்கும் வேலையை இது செம்மையாகச் செய்கிறது.

கதிர்ப் பிரிப்பான் இரண்டாகப் பிரிக்கும் லேசர்க் கற்றை இரு ஆடிகளிலும் பட்டுத் திரும்பி ஒன்றுசேரும்போது, திரையில் ஒளியும் இருளுமான வரிகள் விழும். நுண்மானித் திருகினால் ஓர் ஆடியை நகர்த்தும்போது திரையில் ஒரு வரி கடந்து சென்றால், ஆடி அரை அலைநீளம் நகர்ந்திருக்கிறது என்று பொருள். 650 நனோமீற்றர் லேசருக்கு அது 325 நனோமீற்றர். லேசர் ஒளியால் அணுக்களைக் கோடுகோடாகப் படியவைக்கும் முறையை மாணவருக்கு விளக்க எனக்குத் தேவைப்பட்டதும் இந்த அரை அலைநீளமே. 1993 இல் அமெரிக்காவின் தேசிய நியமங்கள், தொழில்நுட்ப நிறுவனத்தில் மக்லெலண்டும் அவருடைய குழுவினரும் வெற்றிடத்தில் குரோமிய ஆவியைக் கற்றையாக்கி, அணுக்களின் பக்கவாட்டு வேகத்தை லேசரால் தணித்து, சிலிக்கன் பரப்பை உரசியபடி நிற்கும் ஒரு நின்ற அலையினூடாக (எதிரெதிர்த் திசையில் செல்லும் ஒளி சேர்ந்து, ஒளிர்ந்த இடங்களும் மங்கிய இடங்களும் நகராமல் நிற்கும் அலை) அவற்றை விழச்செய்தனர். ஒளியின் அதிர்வெண் அணுவின் பரிவு அதிர்வெண்ணைவிட, அதாவது அணு ஒளியை உறிஞ்சும் அதிர்வெண்ணைவிட, சற்றுக் கூடியிருந்தால், அணுக்கள் ஒளி மங்கிய கணுக்களை நோக்கித் தள்ளப்படும். 425.55 நனோமீற்றர் ஒளியில் அடுத்தடுத்த கணுக்களுக்கிடையிலான தூரம் அரை அலைநீளம், அதாவது 212.78 நனோமீற்றர், அந்த இடைவெளியிலேயே ஏறத்தாழ 65 நனோமீற்றர் அகலமுள்ள குரோமியக் கோடுகள் படிந்தன. அச்சுத்தகடு எதுவும் தேவைப்படவில்லை.

கரும்பலகையில் நின்ற அலையை வரைந்து கணுக்களைக் குறித்தால் மாணவர் தலையாட்டிக் கேட்பார்கள், அவ்வளவுதான். வரிகளைத் தாமே எண்ணியபின் அவர்கள் கேட்கும் கேள்விகளின் தரம் வேறு. அணுக்கள் ஏன் கணுவில் சேர வேண்டும் என்பதற்கு மட்டும் இந்தப் பெட்டியில் விடையில்லை; அதை ஆசிரியரே சொல்லித்தர வேண்டும்.

குறைகளில் முதலாவது திருகு. அதன் ஒரு பிரிவு 10 மைக்கிரோமீற்றர், அதாவது முப்பது வரிகளுக்கும் மேல். 200 வரிகளை எண்ணினாலும் ஆடி நகர்வது 65 மைக்கிரோமீற்றர்தான். அரைப் பிரிவு தவறி வாசித்தாலே விடை எட்டு வீதத்துக்கு அருகில் பிழைத்துவிடும். ஆடியின் நகர்வைக் குறைத்துத் தரும் நெம்பு ஒன்றைச் சேர்த்திருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். இந்த விலைக்கு அதை எதிர்பார்ப்பது நியாயமே.

அடுத்தது அதிர்வு. ஏ-9 வீதியில் ஒரு லொறி போனாலே வரிகள் நடுங்கி எண்ணிக்கை குழம்பிவிடுகிறது. மர மேசையை விட்டுச் சீமெந்துத் தரையில் மணல் தட்டு வைத்து, அதன்மேல் கருவியை இருத்தியபின் நிலைமை கணிசமாகத் திருந்தியது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

வெப்பத்தின் தொல்லை இன்னும் நுட்பமானது. மலிவான சிவப்பு லேசர் இருவாயியின் அலைநீளம், வெப்பநிலை ஒரு பாகை ஏறும்போது ஏறத்தாழ 0.2 நனோமீற்றர் கூடும். வன்னியின் நண்பகலில், தகரக் கூரையின் கீழ், காலையில் இருந்த அலைநீளத்திலிருந்து இது சற்று விலகிவிடக்கூடும். குரோமியப் பரிசோதனையிலோ ஒளியின் அதிர்வெண் குரோமிய அணுவின் பரிவை அடியொற்றியே அமைகிறது. அந்தக் கோடுகளை நுண்ணோக்கிகளின் அளவுதிருத்தத்துக்கு ஒரு நியமமாகக் கொள்ள முடிவது அதனால்தான். பெட்டியின் இந்தக் குறையையே நான் பாடமாக்கிக்கொண்டேன்: காலையிலும் நண்பகலிலும் அளக்கச் சொல்லிவிட்டு, நம்பத்தக்க அளவுகோலுக்கு என்ன வேண்டும் என்று மாணவரையே கேட்கிறேன். ஆனால் இந்தத் திருகின் பிழை வெப்பத்தால் வரும் மாற்றத்தைவிடப் பெரிது என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும்.

லேசரின் வலு ஒரு மில்லிவாற்றுக்குக் குறைவு என்று ஒட்டுத்தாள் கூறினாலும், மலிவான லேசர்களின் ஒட்டுத்தாள்களை நம்பக்கூடாது. கற்றை கண்மட்டத்துக்குக் கீழேயே இருக்கட்டும். இரண்டு ஆடிகளையும் கதிர்ப் பிரிப்பானிலிருந்து ஏறத்தாழச் சம தூரத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் வரிகள் மங்கிவிடும். வாங்குமுன் திருகின் பிரிவையும், கதிர்ப் பிரிப்பானைத் தனியாக வாங்க முடியுமா என்பதையும் விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு வந்ததில் ஒரு மூலை உடைந்திருந்தது, மாற்றுத் துண்டு இன்னும் வரவில்லை.