டோரியனுக்குப் பிறகு: பஹாமாஸுக்கு அனுப்பும் பணத்தை யார் கையில் கொடுப்பது?

2019 செப்டம்பர் முதல் வாரத்தை தெற்கு ஃப்ளோரிடாவில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜன்னல்களுக்குத் தகரம் அடித்து, குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்து, காருக்குப் பெட்ரோல் நிரப்பிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். டோரியன் புயல் எங்களிடம் வரவில்லை. எங்களுக்குக் கிழக்கே சுமார் 90 கிலோமீட்டரில் தொடங்கும், பஹாமாஸ் நாட்டின் கிராண்ட் பஹாமா தீவின் மேல் ஏறி, ஒரு நாளுக்கும் மேல் நகராமல் நின்றுவிட்டு, வடக்கே திரும்பிப் போனது. நம் வீட்டில் விழ வேண்டிய இடி பக்கத்து வீட்டில் விழுந்துவிட்டதே என்ற நினைப்பு எல்லோருக்கும் இருந்தது. அன்று ராத்திரியே வாட்ஸப்பில் ஆரம்பித்துவிட்டது கேள்வி: "ஏதாவது செய்யணும். யாருக்கு அனுப்பலாம்?"

டோரியன் செப்டம்பர் 1 அன்று பஹாமாஸின் அபாக்கோ தீவுகளில் எல்போ கே என்ற இடத்தில் மணிக்கு 295 கிலோமீட்டர் வேகக் காற்றோடு கரையைக் கடந்தது. பஹாமாஸில் 74 பேர் இறந்தது உறுதி செய்யப்பட்டது. காணாமல் போனவர்கள் 200 பேருக்கும் மேல். சேதம் சுமார் 340 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். நாலு லட்சம் பேர்கூட இல்லாத நாட்டுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தச் சமயத்தில் என் கண்ணுக்குத் தெரிந்த வழிகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அடுத்த புயலுக்கும் இதே வழிகள்தான் நம் முன்னால் வரும்.

பெட்டி கட்டி அனுப்புவது

முதலில் எல்லோர் கையும் போவது பொருளுக்குத்தான். கடைக்குப் போய் தண்ணீர் பாட்டில், டயபர், டின் உணவு வாங்கிக் கொடுத்தால் மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஒரு சனிக்கிழமை முழுக்க ஒரு சேகரிப்பு மையத்தில் பெட்டி பிரிக்கும் வேலை செய்தேன். முதல் பெட்டியில் கம்பளி ஸ்வெட்டர்கள் இருந்தன. போகிற இடத்தில் செப்டம்பரில் 30 டிகிரிக்கு மேல் வெயில். இரண்டாவதில் குதிகால் உயர்ந்த செருப்புகள், ஜோடி சேராமல். மூன்றாவதில் பாதி காலியான குழந்தைப் பால்மாவு டப்பா. மூடி திறந்து மாவு துணியெல்லாம் கொட்டியிருந்தது. நல்ல பொருளும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைப் பிரித்து எடுக்க பதினைந்து பேர் ஒரு நாள் முழுக்க நின்றோம்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போனவர்களுக்கு இது புதிதல்ல. சாலையோரமெல்லாம் பழந்துணி மலையாகக் குவிந்து மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. வீட்டை இழந்த மீனவர் குடும்பங்கள் அதைத் தொடவில்லை. தொடாதது நியாயம்தான்.

தண்ணீர் பாட்டிலுக்கு வேறொரு கணக்கு உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அபாக்கோவில் விமான நிலையம் மூழ்கிக் கிடந்தது, மார்ஷ் ஹார்பர் துறைமுகம் சேதமாகி இருந்தது. முதல் நாட்களில் சிறு விமானமும் படகும்தான் போக முடிந்தது. அதில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவுக்கும் போட்டி. அந்த எடையில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் கருவி ஒன்று போனால், அங்கேயே நாள் முழுக்க நீர் எடுக்கலாம்.

ஒரே ஒரு விலக்கு சொல்வேன். அங்கே இருக்கிற ஒரு அமைப்பு "எங்களுக்கு இது வேண்டும், இத்தனை வேண்டும்" என்று பட்டியல் கொடுத்து, சுங்கத்தில் வாங்கிக்கொள்ள ஆளும் வைத்திருந்தால் பொருள் அனுப்பலாம். தார்ப்பாய், மரம் அறுக்கும் மெஷின், ஜெனரேட்டர் எல்லாம் அப்படிக் கேட்கப்பட்டன. பஹாமாஸில் மின்சாரம் அமெரிக்காவைப் போலவே 120 வோல்ட் என்பதால் இங்கே வாங்கிய ஜெனரேட்டர் அங்கே அப்படியே ஓடும். அந்த மாதிரிப் பட்டியல் கையில் இல்லையென்றால் பணமாகவே கொடுங்கள்.

செஞ்சிலுவைச் சங்கம்

சரி, பணம் என்றால் யாருக்கு? பாதிப் பேர் யோசிக்காமல் சொல்வது செஞ்சிலுவைச் சங்கம். மீதிப் பாதி உடனே "ஹெய்ட்டியில் என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹெய்ட்டிக்காக அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கிட்டத்தட்ட 50 கோடி டாலர் வந்தது. செல்போனிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் பத்து டாலர் என்ற வழியில் மட்டும் 3 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. 2015-ல் ப்ரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி அமைப்பும் என்.பி.ஆர் வானொலியும் சேர்ந்து விசாரித்து எழுதின: அந்தப் பணத்தில் அங்கே கட்டி முடித்த நிரந்தர வீடுகள் ஆறு. தற்காலிக வீடு, வாடகை உதவி, பழுதுபார்ப்பு எல்லாம் சேர்த்தால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இடம் கொடுத்தோம் என்று சங்கம் பதில் சொன்னது. அந்தக் கணக்கையும் செய்தியாளர்கள் ஏற்கவில்லை. நிலம் யாருடையது என்ற சிக்கலில் வீட்டுத் திட்டங்கள் நின்றுபோயின. வேலையைப் பிற அமைப்புகளுக்குக் கைமாற்றிக் கொடுத்ததில் ஒவ்வொரு கையிலும் நிர்வாகச் செலவு என்று கொஞ்சம் நின்றது. நான் இதை எழுதுவது யாரையும் திட்டுவதற்காக இல்லை. நாம் கொடுக்கும் பத்து டாலர் எத்தனை கை மாறுகிறது என்பதை நாம் கேட்பதே இல்லை என்பதற்காக.

ஆனால் பஹாமாஸில் நடந்தது வேறு. அங்கே உள்ளூர்ச் செஞ்சிலுவைச் சங்கம் முன்பே இருந்தது, ஆட்கள் அந்த ஊர்க்காரர்கள். செஞ்சிலுவைச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்போடு சேர்ந்து, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குப் பணத்தை அட்டையில் போட்டே கொடுத்தார்கள். இதை நான் பெரிதாக மதிக்கிறேன். தலைநகர் நஸாவுக்குத் தப்பி வந்த அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். பிள்ளைக்கு ஸ்கூல் ஷூவா, வாடகை முன்பணமா, மருந்தா என்று வெளியூர்க்காரர் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டியதில்லை.

அதனால் கொடுக்கலாம். ஆனால் படிவத்தில் எதற்கு என்று பார்த்துக் கொடுங்கள். டோரியன் செப்டம்பர் 6 அன்று வட கரோலினாவின் கேப் ஹாட்டெரஸையும் தொட்டது. புயலின் பெயருக்குக் கொடுப்பதும் பஹாமாஸுக்குக் கொடுப்பதும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. நாட்டின் பெயர் போட்ட வாய்ப்பு இருந்தால் அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரே வேலையைச் செய்பவர்கள்

வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் அமைப்பை சமையல்காரர் ஹோசே ஆண்ட்ரேஸ் 2010-ல், அதே ஹெய்ட்டி நிலநடுக்கத்தை அடுத்துத் தொடங்கினார். டோரியன் கரையைக் கடக்கும் முன்பே அவர் நஸாவில் இருந்தார். பாரடைஸ் ஐலண்டில் இருக்கும் அட்லாண்டிஸ் ஹோட்டலின் பெரிய சமையலறையில் சமைத்து, ஹெலிகாப்டரிலும் படகிலும் அபாக்கோவுக்கும் கிராண்ட் பஹாமாவுக்கும் கொண்டுபோனார்கள். முதல் பத்து நாட்களுக்கு இதைவிட வேகமாக டாலரைச் சோறாக்கிய அமைப்பை நான் பார்க்கவில்லை. கூட்டம் போட்டுத் திட்டம் தீட்டுவதற்குள் ஆளுக்கு ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் கைக்குப் போய்விடுகிறது.

இதன் எல்லையும் அதுதான். கடை திறந்து, மின்சாரம் வந்ததும் சமையலறையின் வேலை முடிந்துவிடும். கூரை போடுவது அவர்கள் வேலை இல்லை.

தண்ணீர் விஷயத்துக்கு வாட்டர் மிஷன் என்ற அமைப்பு கிராண்ட் பஹாமாவுக்குப் போய் உப்புநீரைக் குடிநீராக்கும் இயந்திரங்களை நிறுவியது. இது ஏன் முக்கியம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தத் தீவு முழுக்கச் சுண்ணாம்புக் கல். ஆறு கிடையாது. மழைநீர் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின் மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. கிணறு தோண்டி அதைத்தான் குடிக்கிறார்கள். டோரியன் கடலையே தூக்கி அந்த நிலத்தின் மேல் ஊற்றியது. உப்பு மேலிருந்து இறங்கிவிட்டது. புயல் சில நாளில் போனாலும் குழாயில் உப்புத் தண்ணீர் மாதக்கணக்கில் வந்தது. சுனாமிக்குப் பிறகு உப்பேறிய நம் கடலோரக் கிணறுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். சாப்பாட்டைவிட நீண்ட நாள் நிற்கும் தேவை இது. ஆனால் படம் எடுத்துப் போட அவ்வளவு அழகாக இருக்காது, அதனால் நன்கொடையும் குறைவாக வரும்.

மருந்துக்கு டைரக்ட் ரிலீஃப் என்ற அமைப்பு. கிராண்ட் பஹாமாவின் ஃப்ரீபோர்ட்டில் ராண்ட் மெமோரியல் ஆஸ்பத்திரி சேதமானபோது அங்கே தற்காலிக ஆஸ்பத்திரி போட்டது சமாரிட்டன்ஸ் பர்ஸ். அது கிறிஸ்தவ சுவிசேஷ அமைப்பு, அதை அவர்கள் மறைப்பதில்லை. அது உங்களுக்குச் சம்மதமா என்பதை நீங்கள் தீர்மானித்துக்கொள்ளலாம்.

ஊர்க்காரர்கள்

ஹெட்நோல்ஸ் என்ற பெயரைப் புயலுக்கு முன்னால் நான் கேள்விப்பட்டதில்லை. 2015-ல் வாக்கீன் புயல் பஹாமாஸின் தென்கிழக்குத் தீவுகளை அடித்தபோது இரண்டு பஹாமியப் பெண்கள் சேர்ந்து தொடங்கிய உதவி அமைப்பு அது. இருவர் குடும்பப் பெயரையும் ஒட்டவைத்ததுதான் அந்தப் பெயர். 2016-ல் மாத்யூ, 2017-ல் இர்மா என்று ஒவ்வொரு புயலுக்கும் வேலை செய்து பழகியவர்கள். டோரியன் வந்தபோது எந்தத் தீவில் யாரிடம் படகு இருக்கிறது, எந்தப் பாதிரியாரிடம் சாவி இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. பெரிய அமைப்புகள் முதல் இரண்டு வாரத்தைச் செலவழித்துக் கற்றுக்கொள்வது இதைத்தான்.

குறை என்ன? கணக்கு எழுதும் ஆள் குறைவு. திடீரென்று பெரிய தொகை வந்தால் சிறு அமைப்பு திணறும். அமெரிக்காவில் வரிச்சலுகைக்கு ரசீதும் நேரடியாகக் கிடைக்காது. வெளிநாட்டு அறக்கட்டளைக்குக் கொடுப்பதற்கு இங்கே பொதுவாகக் கழிவு இல்லை. இந்த இடத்தில்தான் குளோபல்கிவிங் போன்ற இடைத்தளம் உதவுகிறது. உள்ளூர் அமைப்புகளைச் சரிபார்த்து, அமெரிக்க ரசீதோடு அவர்களுக்குப் பணத்தை அனுப்பிவைக்கிறது. கொஞ்சம் கட்டணம் எடுப்பார்கள், பரவாயில்லை.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மில் பெரும்பாலோர் செலவுகளைத் தனித்தனியாகக் காட்டாமல், அமெரிக்க வரிக் கணக்கில் மொத்தமாகக் கிடைக்கும் நிலையான கழிவைத்தான் எடுக்கிறோம். 2019-ல் தம்பதிக்கு அது 24,400 டாலர். அப்படி எடுத்தால், அந்த வருஷத்து விதிப்படி ரசீதால் ஒரு சல்லி லாபம் கிடையாது, அதை வைத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆனால் ஐ.டி. கம்பெனியில் இருப்பவர்கள் ஒன்றைப் பாருங்கள்: நீங்கள் கொடுப்பதற்குச் சமமாகக் கம்பெனியும் போடுமா என்று. போடும் என்றால் அது பெரும்பாலும் வருமான வரித் துறையில் பதிவான அமெரிக்க அமைப்புகளுக்குத்தான் இருக்கும். நூறு டாலர் இருநூறாகும்போது அந்த வழியில் போவது நியாயம்.

கோஃபண்ட்மீ இணையதளத்தில் தனிநபர் திரட்டும் பணம்? உங்கள் வேலையிடத்தில் மார்ஷ் ஹார்பர்க்காரர் ஒருவர் இருந்து, அவர் அக்கா வீடு போய்விட்டது என்று உங்களுக்கே தெரிந்தால், தாராளமாகக் கொடுங்கள். பரிமாற்றத்துக்கு 2.9 சதவீதமும் 30 சென்டும் போக மீதி நேராகப் போகும். முகம் தெரியாதவர் என்றால் வேண்டாம்.

அடையாள அட்டை இல்லாதவர்கள்

மேலே சொன்ன எல்லாவற்றையும் விட என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. மார்ஷ் ஹார்பரில் மட், பிஜன் பீஸ் என்று இரண்டு குடியிருப்புகள். ஒட்டுப்பலகையில் கட்டிய வீடுகள், நெருக்கமாக. இருந்தவர்களில் பெரும்பாலோர் ஹெய்ட்டியிலிருந்து வந்தவர்கள், அல்லது அவர்கள் பிள்ளைகள். அபாக்கோவின் தோட்டம், கட்டட வேலை, வீட்டு வேலை எல்லாம் அவர்கள் கையில்தான் ஓடியது. டோரியன் இரண்டையும் தரைமட்டமாக்கியது. வானிலிருந்து எடுத்த படத்தில் வீடுகள் இருந்த இடமெல்லாம் பலகைச் சிதறல்தான்.

நஸாவுக்கு வந்தவர்களைக் கெண்டல் ஐசக்ஸ் உள்விளையாட்டரங்கில் தங்க வைத்தார்கள். அதே செப்டம்பரில் அரசு அந்தக் குடியிருப்புகளில் மீண்டும் கட்டக் கூடாது என்று தடை போட்டது. சில வாரங்களில் ஆவணம் இல்லாதவர்களைத் திருப்பி அனுப்புவதும் தொடங்கியது. அப்படி இருக்கும்போது பெயர் பதிய மேசை போட்டு உட்கார்ந்தால் யார் வருவார்கள்? அரசு நிதிக்குக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பாலமும் பள்ளியும் அரசுதான் கட்ட வேண்டும். ஆனால் நம் கையில் இருப்பது சின்னத் தொகை. அது அரசு எட்டாத இடத்துக்குப் போகட்டும் என்று நினைத்தேன்.

அதனால் எந்த அமைப்பிடமும் நான் கேட்ட முதல் கேள்வி நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்பது அல்ல. "வாங்க வருபவரிடம் அடையாள அட்டை கேட்பீர்களா?" என்பதுதான். சமையலறைக்காரர்கள் கேட்பதில்லை, பசிக்கு அட்டை எதற்கு. மயாமியின் லிட்டில் ஹெய்ட்டியில் இருக்கும் தேவாலயங்களும் கேட்கவில்லை.

நான் ஒதுக்கியது 600 டாலர். முதல் வாரத்தில் 200 வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சனுக்கு, கம்பெனியும் அதே அளவு போட்டது. அடுத்த வாரம் 100 லிட்டில் ஹெய்ட்டியில் ஒரு தேவாலயத்துக்கு, நேரில் போய்க் கொடுத்தேன். மீதி 300 டாலரை ஆறு மாதம் கழித்துக் கொடுப்பதற்கென்று வைத்துவிட்டு, 2020 மார்ச் 15 என்று ஃபோன் காலண்டரில் குறித்தேன்.

அந்த மார்ச்சில் கொரோனா வந்தது. பஹாமாஸ் எல்லைகளை மூடியது, வெளியிலிருந்து வந்திருந்த தன்னார்வலர்கள் ஊர் திரும்பினார்கள். அபாக்கோ என்ற பெயர் செய்திகளில் எங்கும் இல்லை. அந்த 300 ஹெட்நோல்ஸுக்குப் போனது. பல வீடுகளின் மேல் அப்போதும் நீலத் தார்ப்பாய்தான் கூரை. அடுத்த புயல் பருவம் ஜூன் 1 அன்று தொடங்க இரண்டரை மாதம் இருந்தது.