கேஸ் கட்டு யார் கையில் இருக்க வேண்டும்? அரசு வழக்கறிஞர் அலுவலக எழுத்தர் வேலைக்கு மூன்று வழிகள்

செஷன்ஸ் கோர்ட் பத்தரைக்குக் கூடும். அதற்குள் அன்றைய கேஸ் கட்டுகள் மேசைக்கு வந்திருக்க வேண்டும், சாட்சி வந்தாரா இல்லையா என்று தெரிந்திருக்க வேண்டும், ஜாமீன் மனுக்களுக்குக் காவல் நிலையத்தின் குறிப்பு கையில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசு குற்றவியல் வழக்கறிஞர் அலுவலகங்களில் இந்த வேலையை மூன்று விதமாக ஓட்டலாம்: கோர்ட்டுக்கு ஒரு எழுத்தர், வேலைக்கு ஒரு எழுத்தர், அல்லது கோர்ட் போலீஸை நம்பி நாளைக் கடத்துவது. என் ஓட்டு முதல் வழிக்கு. ஜாமீனை மட்டும் அதிலிருந்து தனியே பிரித்துவிட வேண்டும்.

கோர்ட் போலீஸிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஆள் பற்றாத இடத்தில் கடைசியில் எல்லோரும் வந்து நிற்பது அங்கேதான். நிலையத்தில் ஒரு காவலரை நீதிமன்ற வேலைக்கென்று ஒதுக்குவார்கள். சம்மன் வாங்கிப் போவது, சாட்சியை அழைத்து வருவது, சிடி ஃபைலை (புலனாய்வு அதிகாரியின் வழக்கு நாட்குறிப்பு) கொண்டுவருவது, வாய்தா தேதி குறிப்பது எல்லாம் அவர் பாடு. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும் உதவி அரசு வழக்கறிஞருக்கு எழுத்தரும் அவர்தான், அலுவலக உதவியாளரும் அவர்தான். பழுத்த கோர்ட் காவலர் அமைந்துவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும். சாட்சி வீட்டுக்கு எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்பதுவரை அவருக்கு அத்துப்படி. அலுவலகத்துக்குச் செலவும் இல்லை.

ஆனால் அவர் பதில் சொல்ல வேண்டியது இன்ஸ்பெக்டருக்கு. தேர்த் திருவிழா, அமைச்சர் வருகை என்று பந்தோபஸ்து வந்தால் ஆள் கிளம்பிவிடுவார், அன்றைய சாட்சி அம்போ. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அரசு வழக்கறிஞர்களைக் காவல்துறையின் பிடியிலிருந்து பிரிக்க வேண்டும் என்று 1995இல் மகாராஷ்டிர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 25ஏ பிரிவைச் சேர்த்து வழக்குத் தொடர்வு இயக்ககத்துக்கு வழி செய்தது. இப்போது அது, அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 20ஆம் பிரிவு. காகிதத்தில் பிரித்தாயிற்று. கட்டு நிலையத்து அலமாரியிலேயே கிடந்தால் என்ன பிரிவினை? ஒரு வாக்குமூலத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, அதை எழுதியவரிடமே போய்க் கேட்டு நிற்க வேண்டியிருக்கும்.

அடுத்தது, வேலைக்கு ஒரு எழுத்தர். ஒருவர் சம்மன், ஒருவர் நகல் மனு, ஒருவர் ஜாமீன், ஒருவர் தட்டச்சு. மேற்பார்வை பார்ப்பவருக்கு இது பிடிக்கும். யார் எத்தனை முடித்தார்கள் என்று மாலையில் எண்ணிவிடலாம், ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் பார்த்துக்கொள்வார். கோளாறு விசாரணை நாளன்று தெரியும். கொலை வழக்கு ஒன்றில் அ.சா.3 (அரசுத் தரப்பு மூன்றாம் சாட்சி) கூண்டில் நிற்கிறார், முன்பு சொன்னதை மாற்றிச் சொல்கிறார். பிறழ்சாட்சியாக அறிவிக்கக் கேட்டு, போலீஸில் அவர் கொடுத்த வாக்குமூலத்தைக் காட்டிக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். கட்டைப் பிரித்தால் அந்தத் தாளைக் காணோம். மூன்றாம் எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவர்) ஜாமீன் மனுவுக்காக நாலு மாதம் முன்பு ஜாமீன் மேசை உருவியது, திரும்பக் கோர்க்கவில்லை. ஜாமீன் எழுத்தரைக் கேட்டால் தன் வேலை அன்றே முடிந்தது என்பார். அவர் சொல்வதும் சரிதான்! முழுக் கட்டுக்குப் பொறுப்பு என்று யாருமே இல்லை.

கோர்ட்டுக்கு ஒருவர் என்றால் அந்தக் கேள்விக்கு ஒரு முகம் கிடைத்துவிடும். இ-கோர்ட்ஸ் செயலி அடுத்த வாய்தாவைக் காட்டும். யாருக்குச் சம்மன் சார்வானது (கையில் சேர்ந்தது), யார் வீடு மாறிப் போனார் என்பதெல்லாம் அந்தக் கோர்ட்டிலேயே பழகும் எழுத்தரின் டைரியில்தான் கிடைக்கும். பி.என்.எஸ்.எஸ். நடைமுறைக்கு வந்த 1.7.2024க்கு முன்பே நிலுவையில் இருந்த விசாரணை பழைய சட்டப்படி ஓடுகிறது, புதிய வழக்கு பி.என்.எஸ்.எஸ். படி. ஒரே நாளில் இரண்டு சட்டங்களின் பிரிவு எண்களும் புழங்கும் மேசையில் எந்தக் கட்டுக்கு எந்தச் சட்டம் என்று மேல்தாளிலேயே எழுதி வைப்பவர் வேண்டும். விடுதலைத் தீர்ப்பு வந்தால் அரசு மேல்முறையீட்டுக்கு 90 நாள்தான் கெடு. நகல் வாங்க ஆகும் நாள் கணக்கில் கழியும் என்றாலும், மனுவே போடாமல் விட்ட நாள் கழியாது. தீர்ப்பு சொல்லும்போது கோர்ட்டிலேயே இருப்பவர் அன்றே நகல் மனு போட்டுவிடுவார். பொது மேசைக்குத் தகவல் போய்ச் சேருவதற்குள் ஒரு வாரம் போய்விடும்.

இதிலும் குறை உண்டு. ஒரே கோர்ட்டில் ஐந்து வருடம் இருந்தவர் குட்டி ராஜா ஆகிவிடுவார். சுமையும் சமமாக வராது. போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றம்) வழக்குகள் குவியும் மகளிர் நீதிமன்ற எழுத்தர் மூச்சு முட்ட ஓடும்போது பக்கத்து மேசை காற்று வாங்கும். இரண்டிரண்டு கோர்ட்டாக ஜோடி சேர்த்து, ஒருவர் கட்டை மற்றவரும் அறிந்திருக்கும்படி செய்தால் இரண்டுமே ஓரளவு தணியும்.

ஜாமீனை ஏன் பிரிக்கச் சொல்கிறேன் என்றால் அதன் ஓட்டம் வேறு. விசாரணை மாதக்கணக்கில் நகரும், ஜாமீன் நாள்கணக்கில். கெடு தாண்டினால் காவலில் இருப்பவருக்கு ஜாமீன் உரிமை வந்துவிடும் என்பதால், குற்றப்பத்திரிகைக்கான 60 நாள், 90 நாள் கெடுவை யாராவது சுவரில் எழுதி நிலையத்தைத் தினமும் நச்சரிக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 15ஏ பிரிவு வந்தபின் பாதிக்கப்பட்டவருக்கு ஜாமீன் விசாரணை பற்றி முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும். அது கட்டாயம் என்று 2021இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஒரு நோட்டீஸ் போகாததால் ஜாமீன் உத்தரவே கவிழலாம். இதை விசாரணை எழுத்தரின் தலையில் கட்டினால் இரண்டும் கெடும். ஆனால் ஜாமீன் மேசை எடுக்கும் தாள் நகலாக மட்டுமே போக வேண்டும், மூலம் கட்டை விட்டு வெளியே போகக் கூடாது.

அலுவலகம் ஓட்டும் இந்த மூன்றுக்கும் வெளியே, வழக்கறிஞர் தம் சொந்தக் குமாஸ்தாவை வைத்துச் சமாளிப்பது என்று நாலாவதாக ஒன்றும் உண்டு. செஷன்ஸ் கோர்ட் அரசு வழக்கறிஞர்கள் தனியாகத் தொழில் செய்யும் வழக்கறிஞர்களிலிருந்து பதவிக்காலத்துக்கு நியமனமாகிறவர்கள் என்பதால் கூடவே தம் குமாஸ்தாவையும் அழைத்து வருவது இயல்பு. கெட்டிக்காரர்கள்தான், அவசரத்துக்கு உதவும். ஆனால் அவர் அரசு ஊழியர் இல்லை. கோர்ட் வாசல் ஜெராக்ஸ் கடையில் போக்சோ கட்டைப் பிரித்துப் போட்டு, சிறுமியின் பெயர் வெளியே போனால் யாரைக் கேட்பது? வழக்கறிஞர் மாறினால் குமாஸ்தாவும் போவார், எந்தக் கட்டு எங்கே என்ற கணக்கும் அவரோடு போகும்.

எந்த வழியானாலும் எழுத்தர் மாறுதலில் போகும்போது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் கட்டு எண் மட்டும் போதாது. அடுத்த வாய்தா, சார்வாகாத சம்மன்கள், கட்டிலிருந்து வெளியே போயிருக்கும் தாள்கள், அவை யார் கையெழுத்தில் போயின என்பதும் இருக்க வேண்டும். அதில் புதியவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பழையவருக்கு விடுவிப்பு உத்தரவு.