ஆற்றின் அடிமண் யாருக்குச் சொந்தம்?

இங்கிலாந்தின் பழைய அளவுகோல் கடல் ஏற்றவற்றம். அது எட்டும் வரை ஆற்றுப்படுகை பொதுவாக அரசமுடிக்கு, அதாவது மன்னர் பெயரிலான அரசுக்குச் சொந்தம். அதற்கு மேல் கரை நிலக்காரருக்கு நடுக்கோடு வரை, எதிர்க்கரைக்காரருக்கு மறுபாதி. தேம்ஸில் இந்த ஏற்றவற்றம் டெடிங்டன் தடுப்பணையோடு முடிகிறது. கண்ணால் பார்த்தே தீர்க்கலாம், வக்கீலுக்கு வேலை குறைவு.

அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. கடலின் வாடையே படாத உள்நாட்டிலும் அங்கே சரக்குக் கப்பல் ஓடுகிறது. அதனால் அமெரிக்கா கேட்பது வேறு கேள்வி: மாநிலம் உருவான நாளில், இயல்பான நிலையில், அந்த ஆற்றில் வணிகப் படகு ஓடியிருக்குமா? ஓடியிருக்கும் என்றால் படுகை மாநிலத்துக்கு, இல்லையென்றால் இல்லை.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சிக்கல், நிரூபிப்பதில். மிசௌரி ஆற்றின் பேரருவிப் பகுதியில் அணை வைத்திருந்த மின் நிறுவனத்திடம் மொன்டானா மாநிலம் படுகைக்கு வாடகை கேட்டது. கீழ் நீதிமன்றம் சுமார் 4 கோடி டாலர் விதித்தது. 2012இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆற்றை மொத்தமாகப் பார்க்காதே, துண்டு துண்டாகப் பார் என்றது. 1805இல் மேற்கே ஆராயப் போன லூயிஸ், கிளார்க் குழுவினர் அந்த அருவிகளைத் தாண்டப் படகுகளைத் தரைவழியே இழுத்துப் போனதும், அந்தத் துண்டில் படகு ஓடாது என்பதற்குச் சாட்சியானது. மாநிலம் பிறந்ததோ 1889இல்!

எனக்கு அமெரிக்க முறையே சரியென்று படுகிறது. ஆனால் அணைக்கு அனுமதி கேட்கப் போகிறவர் இங்கிலாந்துக்காரரைப் பார்த்துப் பொறாமைப்படுவார்.